மலைப் பாதை விபத்தில் உயிர் போனால்: நீலகிரிக் குடும்பங்கள் இழப்பீட்டு மனு போடுவது எப்படி

வீட்டில் ஒருவர் விபத்தில் போய்விட்ட பிறகு, காகிதம் சேர்க்க யாருக்கும் மனம் வராது. ஆனால் கடைசியில் கிடைக்கும் தொகையில் பெரும்பகுதி முதல் இரண்டு மாதத்தில் கையில் சேரும் காகிதங்களைப் பொறுத்தே அமைகிறது. வக்கீல் திறமை அதற்குப் பிறகுதான். ஆகவே துக்கத்தில் இருப்பவர்கள் ஓடவேண்டாம். மச்சானோ சித்தப்பாவோ, விவரம் தெரிந்த ஒருவர் ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு இதையெல்லாம் பார்க்கட்டும். கீழே உள்ளவை அவருக்காக எழுதியவை.

1. முதல் வாரம்: போலீஸ் ஸ்டேஷன், மருத்துவமனை

விபத்து நடந்த இடம் எந்த ஸ்டேஷன் எல்லையில் வருகிறதோ அங்கேதான் வழக்கு. குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையிலும் கோத்தகிரி சாலையிலும் ஒரு வளைவு தள்ளினால் ஸ்டேஷனும் மாறும், மாவட்டமே கூட மாறும். எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பினால், எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிந்து உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 173 சொல்வதை எடுத்துச் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். கேட்டு வாங்குங்கள்.

புகார் எழுதும்போது கவனம் தேவை. ஆம்புலன்ஸில் கோவைக்கு ஓடி வந்த உறவினர், சம்பவத்தை நேரில் பார்க்காமலேயே கேள்விப்பட்டதை வைத்து எழுதிக் கொடுத்துவிடுகிறார். வண்டி நம்பரில் ஓர் எண் மாறினாலும், 'எதிரே வந்த கார்' என்பது 'முன்னால் போன கார்' ஆனாலும், இன்சூரன்ஸ் வக்கீல் இரண்டு வருடம் கழித்து அதைத்தான் பிடித்துத் தொங்குவார். பார்த்தவர் யார் என்று விசாரித்து, முடிந்தால் அவரையே புகார் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 'நேரில் பார்த்த இன்னார் சொல்லித் தெரிந்துகொண்டேன்' என்று உள்ளபடி எழுதுங்கள்.

இன்னொரு சிக்கல்: இடித்த வண்டியின் டிரைவரே முந்திக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், இறந்தவர்தான் குறுக்கே வந்தார் என்று புகார் கொடுத்துவிடுவது. அப்படி எஃப்.ஐ.ஆர். ஆகியிருந்தால், சாட்சிகளின் பெயரோடு இன்ஸ்பெக்டருக்கும் எஸ்.பி. அலுவலகத்துக்கும் எழுத்து மூலம் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள். தீர்ப்பாயம், அதாவது இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் நீதிமன்றம், எஃப்.ஐ.ஆரை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாது. ஆனால் எஃப்.ஐ.ஆர். எதிராக இருக்கும்போது நேரில் பார்த்த சாட்சி கூண்டில் ஏறாமல் வழக்கு நிற்காது.

இங்கே அடிபட்டவரை ஊட்டி அல்லது குன்னூர் ஜி.எச்.சில் முதலுதவி செய்து கோவைக்கு அனுப்புவதே வழக்கம். அங்கே உயிர் பிரிந்தால் மூன்று விஷயம் நடக்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து மலை ஸ்டேஷனுக்குத் தகவல் போக வேண்டும். போலீஸ் கீழே இறங்கி வந்து பிரேத விசாரணை நடத்த வேண்டும். முதலில் காயப் பிரிவில் பதிந்த வழக்கை, கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கான பி.என்.எஸ். (புதிய குற்றவியல் சட்டம்) 106(1)-க்கு மாற்றி, அந்த மாற்ற அறிக்கையை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த மூன்றாவது வேலை பல நேரம் தாமதமாகும். பத்து நாள் கழித்து ஸ்டேஷனில் போய், பிரிவு மாற்றியாயிற்றா என்று கேளுங்கள்.

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர் சில வாரம் கழித்து வீட்டிலேயே இறந்தால் போஸ்ட்மார்ட்டம் இல்லாமல் அடக்கம் செய்துவிடாதீர்கள். ஊர்ப் பெரியவர்கள் உடம்பை அறுக்க வேண்டாம் என்பார்கள். அந்த வேதனை புரிகிறது. ஆனால் போஸ்ட்மார்ட்டம் இல்லையென்றால், இறந்தது விபத்துக் காயத்தால் அல்ல, சர்க்கரையால், மாரடைப்பால் என்று இன்சூரன்ஸ் கம்பெனி வாதிடும். அதை உடைப்பது மிகக் கடினம். உடனே ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள்.

சாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மழையும் மூடுபனியும் டயர் தடத்தை ஒரே நாளில் அழித்துவிடும். கொண்டை ஊசி வளைவின் உட்புறமா வெளிப்புறமா, எந்தப் பக்கம் கண்ணாடித் துண்டுகள் கிடந்தன, தடுப்புச் சுவர் எங்கே உடைந்தது என்பதையெல்லாம் போனில் படம் பிடித்து வையுங்கள். செங்குத்துச் சாலையில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. ஆகவே யார் ஏறினார், யார் இறங்கினார் என்பது போலீஸ் வரைபடத்தில் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி என்றால், முதல் மூன்று நாளில் சோதனைச் சாவடிகளின் கேமராப் பதிவை எடுக்கச் சொல்லி போலீசிடம் எழுதிக் கொடுங்கள். கல்லாறு, குஞ்சப்பனை, கக்கநல்லா, நாடுகாணி என மலையிலிருந்து வெளியே போகும் வழிகள் எண்ணிச் சொல்லக்கூடியவை. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை இருப்பதால் வண்டி எண்ணும் பதிவாகிறது. கேமராப் பதிவுகள் சில நாளில் அழிந்துவிடும், இ-பாஸ் விவரம் அப்படி அழியாது. இரண்டையும் கேளுங்கள்.

2. எந்த வழியில் கேட்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் வழிகள் பல. தவறான வழியில் கையெழுத்துப் போட்டால் நல்ல வழி அடைபட்டுவிடும்.

பிரிவு 166: எதிர் டிரைவரின் கவனக்குறைவை நிரூபித்து முழு இழப்பீடு கேட்பது. பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுதான் சரி. தொகைக்கு உச்சவரம்பு கிடையாது.

பிரிவு 164: யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. இறப்புக்கு ரூ.5 லட்சம், அவ்வளவுதான். இங்கேதான் பலர் விழுகிறார்கள். இன்சூரன்ஸ் அதிகாரி வீடு தேடி வந்து, 'இதை வாங்கிக்கொள்ளுங்கள், கேஸ் பிறகு பார்க்கலாம்' என்று சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். சட்டத்தின் நடைமுறைப்படி 164-இன் கீழ் பணத்தை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் உள்ள 166 மனு காலாவதியாகிவிடும். சம்பாதித்துக்கொண்டிருந்த இளைஞரின் குடும்பத்துக்கு 40 லட்சம் வரவேண்டிய இடத்தில் 5 லட்சத்தோடு முடிந்துபோகும்.

பிரிவு 161: இடித்த வண்டி எதுவென்றே தெரியாதபோது. இறப்புக்கு ரூ.2 லட்சம். இதற்குத் தீர்ப்பாயம் போக வேண்டாம். வருவாய்க் கோட்ட அதிகாரி அல்லது தாசில்தாரிடம் விண்ணப்பம், ஒப்புதல் கலெக்டரிடம். நீலகிரியில் ஊட்டி, குன்னூர், கூடலூர் மூன்றும் வருவாய்க் கோட்டங்கள். பிறகு வண்டி பிடிபட்டால் 166-க்கு மாறலாம். அப்போது இந்த 2 லட்சத்தைத் திருப்பிக் கட்டவேண்டும்.

வேலை நேரத்தில் முதலாளியின் வண்டியில் இறந்த டிரைவர், கிளீனர், தோட்டத் தொழிலாளி என்றால் தொழிலாளர் இழப்பீட்டு வழியும் உண்டு. பிரிவு 167 இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க விடும். எதிர் வண்டியின் மேல் தவறு இருந்தால் 166 அநேகமாகக் கூடுதல் தரும். டிரைவர் தானே கட்டுப்பாட்டை இழந்து பள்ளத்தில் விழுந்திருந்தால் 166 பலன் தராது. தொழிலாளர் இழப்பீடுதான் வழி.

சொந்த பைக்கில் தனியாக விழுந்தவர், அல்லது இரவில் காட்டெருமை மேல் மோதியவர் விஷயத்தில் எதிராளி வண்டி இல்லை. அப்போது பாலிசியில் உரிமையாளர்–ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கட்டியிருந்தால் ரூ.15 லட்சம். ஆர்.சி. அவர் பெயரிலேயே இருந்திருக்க வேண்டும், லைசென்ஸ் செல்லுபடியாகி இருக்க வேண்டும்.

எந்த வழியானாலும், இறந்தவரின் வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்திருக்கிறதா என்று பாஸ்புக்கைப் புரட்டுங்கள். அது பிரதமர் சுரக்ஷா பீமா. விபத்து மரணத்துக்கு ரூ.2 லட்சம். 30 நாளுக்குள் வங்கியில் தெரிவியுங்கள். இது இழப்பீட்டு வழக்கைப் பாதிக்காது.

3. ஆறு மாதக் கெடு

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்படி, விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும். இறந்த நாளிலிருந்து இல்லை. மூன்று மாதம் கோமாவில் இருந்து இறந்தவர் குடும்பத்துக்கு மிச்சம் மூன்று மாதம்தான்.

இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகளில், காலம் கடந்தது என்ற ஒரே காரணத்துக்காக மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. ஏற்கெனவே தாமதமானவர்களுக்கு இது கைகொடுக்கும். புதிதாகப் போடுபவர்கள் இதை நம்பி உட்கார வேண்டாம். இடைக்கால உத்தரவு இடைக்காலத்துக்குத்தான்.

போலீஸ் தரப்பிலும் கெடு உண்டு. 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கை, 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். குடும்பம் நிரப்பித் தரவேண்டிய படிவத்துக்கு 60 நாள். ஸ்டேஷனில் அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுங்கள். போலீஸ் அனுப்பும் அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. இருந்தாலும் உங்கள் மனுவைத் தனியே போட்டுவிடுங்கள்.

4. எந்த ஊர் நீதிமன்றம்

விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம் என மூன்றில் எங்கே வேண்டுமானாலும் போடலாம். கோத்தகிரிக்காரர் மைசூர் அருகே இறந்தாலும் வழக்கை ஊட்டியிலேயே நடத்தலாம். இடித்தது மலப்புரம் வண்டியா பெங்களூர் வண்டியா என்பது தடை இல்லை.

கோவையிலோ சென்னையிலோ போட்டால் தொகை கூடக் கிடைக்கும் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் சாட்சியைக் கூட்டிக்கொண்டு மலை இறங்க வேண்டும் என்பதை யோசியுங்கள். இரண்டு ஊரில் இரண்டு மனு போடுவது மட்டும் கூடவே கூடாது. இந்த விபத்துக்காக வேறெங்கும் மனு போடவில்லை என்று உறுதிமொழி தருகிறீர்கள். பொய்யானால் வழக்கே போய்விடும். யாரோ ஒரு புரோக்கரிடம் முன்பே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் அதை உங்கள் வக்கீலிடம் மறைக்காதீர்கள்.

5. மனுதாரர்கள், எதிர்மனுதாரர்கள்

மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், தாய், சார்ந்திருந்த தந்தை எல்லோரும் மனுதாரர்களாகச் சேர வேண்டும். மருமகளுக்கும் மாமியாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதற்காகத் தாயை விட்டுவிட்டு மனுப் போடுவது இங்கே அடிக்கடி நடக்கிறது. தாய் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசு. பாதி வழக்கில் அவர் தனியே வக்கீல் வைத்து வந்து நிற்பார், ஒரு வருடம் போகும். சேர மறுத்தால் எதிர்மனுதாரராகக் காட்டலாம். பெயர் இல்லாமல் விடக்கூடாது. மைனர் பிள்ளைகளுக்காகத் தாயோ தந்தையோ கையெழுத்திடலாம்.

எதிர்மனுதாரர்கள்: வண்டியின் பதிவுபெற்ற உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி, டிரைவரையும் சேர்ப்பது நல்லது. பழைய ஜீப்பை விற்று, ஆர்.சி. மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருந்தால், ஆர்.சி.யில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. வாங்கியவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நஷ்டமில்லை. அரசுப் பேருந்து என்றால் போக்குவரத்துக் கழக நிர்வாக இயக்குநர்தான் எதிர்மனுதாரர்.

வண்டி நம்பரைப் பரிவாகன் தளத்தில் போட்டால் இன்சூரன்ஸ் யாரிடம், எதுவரை என்று தெரியும். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி என்றால் அன்றே வக்கீலைப் பாருங்கள். உரிமையாளர் பிணைத்தொகை கட்டாமல் வண்டியை விடுவிக்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் எதிர்ப்பு மனு போட வேண்டும். வண்டி வெளியே போய்விட்டால் பிறகு பிடிக்க ஒன்றும் இருக்காது.

மலையில் தனியாகப் பேசவேண்டிய இரண்டு சூழ்நிலைகள் உண்டு. முதலாவது, பிக்-அப் வண்டி. கேரட் தோட்டத்துக்கும் இலை பறிக்கவும் ஆட்களைச் சரக்கு வண்டியில் ஏற்றிப் போவதைத் தினமும் பார்க்கிறோம். அது கவிழ்ந்தால், சரக்கு வண்டியில் ஏறிய பயணிக்கு இன்சூரன்ஸ் பொறுப்பில்லை என்று கம்பெனி சொல்லும், சட்டமும் பெரும்பாலும் அதன் பக்கம்தான். இறந்தவர் வண்டிக்காரரின் வேலையாளா, அல்லது தன் சரக்கோடு போன சொந்தக்காரரா என்பதைப் பொறுத்து நிலைமை மாறும். உண்மை அப்படி இருந்தால் முதல் புகாரிலேயே அது பதிவாக வேண்டும்; பிறகு சொன்னால் எடுபடாது.

இரண்டாவது, உறவினர் காரில் போய்ப் பள்ளத்தில் விழுந்த வழக்கு. மாமன் மகன் காரின் மேல் எப்படிக் கேஸ் போடுவது என்று குடும்பம் தயங்கும். பாலிசி முழுக் காப்பீடாக இருந்தால் உள்ளே இருந்தவர்களுக்கும் அது பொருந்தும், கொடுக்கப்போவது கம்பெனிதான். வெறும் மூன்றாம் நபர் பாலிசி என்றால் தனியார் காரில் இருந்தவருக்கும் பைக்கில் பின்னால் இருந்தவருக்கும் காப்பு இல்லை. பாலிசி நகலைப் பார்த்த பிறகு உறவுப் பேச்சை வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவருக்கு முறையான லைசென்ஸ் இல்லை என்றாலும் சோர்ந்துபோக வேண்டாம். கம்பெனி முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது உண்டு.

6. சேர்க்க வேண்டிய காகிதங்கள்

போலீஸ் தரப்பில்: எஃப்.ஐ.ஆர்., பிரிவு மாற்ற அறிக்கை, பார்வை மகஜர், வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, பிரேத விசாரணை அறிக்கை, போஸ்ட்மார்ட்டம் சான்று, குற்றப்பத்திரிகை. இவற்றை ஸ்டேஷனில் கேட்கலாம். தமிழ்நாடு போலீஸ் இணையதளத்தில் கட்டணம் கட்டியும் பதிவிறக்கலாம். குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகலாகவும் வாங்கலாம். வழக்குக்கு மூன்றாவதே பலம். குற்றப்பத்திரிகை வரட்டும் என்று மனுவைத் தள்ளிப்போட வேண்டாம், எஃப்.ஐ.ஆரோடு தாக்கல் செய்து மற்றதைப் பிறகு சேர்க்கலாம்.

எதிர் வண்டியின் ஆர்.சி., பாலிசி, பர்மிட், டிரைவர் லைசென்ஸ் நகல்களும் போலீஸ் ஃபைலில் இருக்கும்.

குடும்பத் தரப்பில் முதலில் இறப்புச் சான்று. இறந்த இடத்தில்தான் பதிவு. கோவை மருத்துவமனையில் இறந்தால் கோவை மாநகராட்சி. ஊர் பஞ்சாயத்தில் தேடிப் பயனில்லை. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. சான்று கையில் வந்ததும் பெயர், தலைப்பெழுத்து, தந்தை பெயர், முகவரி ஆகியவற்றை ஆதாரோடு ஒப்பிடுங்கள். மருத்துவமனையில் பதட்டத்தில் வீட்டுப் பெயரைச் சொல்லியிருப்பார்கள், ஆதாரில் வேறு பெயர் இருக்கும். அந்தத் தவறு இதிலிருந்து வாரிசுச் சான்றுக்கும், அதிலிருந்து மனுவுக்கும் பரவும். தொடக்கத்திலேயே திருத்துங்கள்.

வாரிசுச் சான்று இறந்தவர் வசித்த தாலுகாவில். ஊட்டி, குந்தா, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் எதுவோ அங்கே. இ-சேவை மையத்தில் 60 ரூபாய். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று மேஜை தாண்ட வேண்டும். எல்லா வாரிசுகளின் ஆதார், குடும்ப அட்டை, இறப்புச் சான்று தேவை. வி.ஏ.ஓ. விசாரணைக்கு வரும் நாளில் வீட்டில் ஆள் இல்லாவிட்டால் விண்ணப்பம் அப்படியே தூங்கும்.

வயதுக்கு ஆதாரம் தனியாக வேண்டும். போஸ்ட்மார்ட்டம் சான்றில் வயதை உத்தேசமாக எழுதுவார்கள். 45-ஐ 46 என்று எழுதினால் தொகை குறையும். ஏன் என்பது எட்டாவது பகுதியில். பள்ளி மாற்றுச் சான்று, பிறப்புச் சான்று, லைசென்ஸ், ஆதார் என்று கிடைப்பதைக் கொடுங்கள்.

மருத்துவமனைப் பில்கள், மருந்துச் சீட்டுகள், ஆம்புலன்ஸ் ரசீது எல்லாவற்றின் அசலையும் பத்திரப்படுத்துங்கள். இறப்பதற்கு முன் ஆன சிகிச்சைச் செலவையும் கேட்கலாம்.

7. வருமானத்தை நிரூபிப்பது

வழக்கின் உயிர்நாடி இதுதான், இங்கேதான் மலைக் குடும்பங்கள் அதிகம் இழக்கின்றன. 'மாதம் 25,000 சம்பாதித்தார்' என்று வாயால் சொன்னால் தீர்ப்பாயம் தனக்குத் தோன்றும் ஓர் உத்தேச வருமானத்தை வைத்துக்கொள்ளும். அது உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும்.

எஸ்டேட் தொழிலாளி: சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கு அறிக்கை. நிர்வாகத்திலிருந்து ஒருவர் சம்பளப் பதிவேட்டோடு வந்து சாட்சி சொல்ல வேண்டும். வெறும் சம்பளச் சான்று மட்டும் கொடுத்தால் எழுதியவரை அழைத்து வா என்பார்கள்.

சிறு தேயிலை விவசாயி: இலை கொடுத்த தொழிற்சாலையின் கொள்முதல் ரசீதுகள், உறுப்பினர் கணக்கு, பணம் ஏறிய பாஸ்புக். கூட்டுறவுத் தொழிற்சாலையானால் இன்கோசர்வ் (கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் கூட்டமைப்பு) கீழ் உள்ள சங்க அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கைக் கேட்டு வாங்கலாம். காய்கறி போட்டவர் என்றால் மேட்டுப்பாளையம் மண்டிச் சீட்டுகள். குறைந்தது இரண்டு ஆண்டுக்கானவை இருக்கட்டும். ஒரு நல்ல சீசனை மட்டும் காட்டினால் நம்பமாட்டார்கள்.

இங்கே ஒரு பொறி. நிலம் வாரிசுகளிடமே இருக்கிறது, வருமானம் நிற்கவில்லையே என்று கம்பெனி வாதிடும். அதற்குப் பதில், அவர் செய்த வேலைக்கு இப்போது கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது. இறப்புக்குப் பின் ஆள் வைத்த கூலிக் கணக்கு, குறைந்த மகசூல், குத்தகைக்கு விட்டிருந்தால் அந்த ஒப்பந்தம் ஆகியவற்றைக் காட்டுங்கள்.

டாக்சி டிரைவர்: பேட்ஜ், பர்மிட், வண்டிக் கடன் தவணை கட்டிய அறிக்கை. மாதம் 14,000 தவணை ஒழுங்காகக் கட்டியவர் 12,000 சம்பாதித்தார் என்று யாரும் சொல்ல முடியாது. டிராவல்ஸ் மூலம் வந்த பணம், கூகுள் பே வரவுகள் எல்லாம் வங்கி அறிக்கையில் தெரியும்.

இறந்தவர் குடும்பத் தலைவி என்றால், சம்பளம் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். வீட்டு வேலைக்கும் மதிப்புண்டு, அதற்கு உத்தேச வருமானம் வைத்து இழப்பீடு தரவேண்டும் என்பது நிலைநிறுத்தப்பட்ட சட்டம். கூடவே இலை பறிக்கப் போனார், மாடு வைத்திருந்தார், மகளிர் குழுவில் கடன் கட்டினார் என்றால் அந்தப் புத்தகங்களையும் சேருங்கள்.

8. தொகையைக் கணக்கிடுவது

உச்ச நீதிமன்றத்தின் 2009-இன் சரளா வர்மா தீர்ப்பும் 2017-இன் பிரணய் சேத்தி தீர்ப்பும்தான் அடிப்படை. ஓர் எடுத்துக்காட்டு: 34 வயது டாக்சி டிரைவர், மாத வருமானம் ரூ.20,000. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய்.

சுயதொழில், 40 வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்ட ரூ.28,000. (நிரந்தர வேலையானால் 50 சதவீதம். சுயதொழிலில் 40 முதல் 50 வயதுக்கு 25, 50 முதல் 60 வயதுக்கு 10. நிரந்தர வேலையில் இவையே 30, 15.) சார்ந்தவர் நான்கு முதல் ஆறு பேர் என்றால் சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழிப்பார்கள், மிச்சம் ரூ.21,000. இரண்டு மூன்று பேர் என்றால் மூன்றில் ஒரு பங்கும், திருமணமாகாதவர் என்றால் பாதியும் கழியும். ஆண்டுக்கு ரூ.2,52,000. 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கு எண் 16. ஆக ரூ.40,32,000.

இதோடு துணையிழப்புக்கு (அவருடைய அன்பையும் அரவணைப்பையும் இழந்ததற்கு) ஒவ்வொருவருக்கும் தனித்தனியே, எஸ்டேட் இழப்பு (தேயிலை எஸ்டேட் இல்லை, இறந்தவரின் சொத்துக்கான இழப்பு), இறுதிச் சடங்கு ஆகியவையும் சேரும். 2017-இல் இவை 40,000, 15,000, 15,000. மூன்றாண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் கூடும் என்பதால் 2023 இறுதியில் 48,400, 18,150, 18,150 ஆயின. நான்கு பேருக்கும் சேர்த்து மொத்தம் ரூ.42,61,900.

அதே மனிதருக்கு ஆதாரமில்லை என்று வருமானத்தை ரூ.12,000 என வைத்தால் முதல் பகுதி ரூ.24,19,200-தான். 16 லட்சத்துக்கு மேல் குறைகிறது, வங்கி அறிக்கை ஒன்று எடுக்காததால்.

பெருக்கு எண்கள்: 15–25-க்கு 18, 26–30-க்கு 17, 31–35-க்கு 16, 36–40-க்கு 15, 41–45-க்கு 14, 46–50-க்கு 13, 51–55-க்கு 11, 56–60-க்கு 9, 61–65-க்கு 7, அதற்கு மேல் 5. இறந்தவரின் வயதுதான் கணக்கு. மணமாகாத மகன் இறந்தால் தாயின் வயதை வைத்து எண்ணைக் குறைக்க முயல்வார்கள், ஏற்காதீர்கள்.

9. வக்கீலும் செலவும்

இதில் விலைப்பட்டியல் கிடையாது. கட்டணத்தை எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்: எவ்வளவு, எப்போது, நகல் செலவும் நோட்டீஸ் பேட்டாவும் அதில் அடக்கமா என்று. கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுவது பார் கவுன்சில் விதிப்படி வக்கீல் செய்யக்கூடாதது. நடைமுறையில் அப்படிப் பேசுபவர் இருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். பிணவறை வாசலிலேயே வந்து கேஸ் பேசும் புரோக்கரை அண்டவிடாதீர்கள். வெற்றுக் காகிதத்தில் கையெழுத்து, கையெழுத்திட்ட செக், ஏ.டி.எம். அட்டை மூன்றையும் யாருக்கும் தராதீர்கள்.

பெண்கள், பட்டியல் சாதியினர், தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் உள்ளிட்ட பழங்குடியினர் எல்லோருக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் பெறும் உரிமை சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் இருக்கிறது. கணவரை இழந்த எந்தப் பெண்ணும் ஊட்டியிலுள்ள மாவட்ட ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். தொலைபேசி 15100.

நீதிமன்றக் கட்டணம் பற்றி ஒன்று: நீங்கள் கேட்டதைவிடக் கூடுதலாகத் தீர்ப்பானால், கூடிய தொகைக்குரிய கட்டணத்தைக் கட்டிய பிறகே பணம் எடுக்க முடியும்.

10. விசாரணை

மனுவுக்கு எம்.சி.ஓ.பி. எண் கிடைக்கும். அதைக் குறித்துக்கொண்டால் இ-கோர்ட்ஸ் செயலியில் வாய்தா தேதியை நீங்களே பார்க்கலாம். வெளி மாநில உரிமையாளருக்கு நோட்டீஸ் சேருவதிலேயே முதல் சில மாதம் கழியும், முகவரியை ஆர்.சி.யில் உள்ளபடி எழுதுங்கள்.

முதல் சாட்சி அநேகமாக மனைவி. குறுக்கு விசாரணையில் கேட்பது பெரும்பாலும் இவைதான்: விபத்தை நேரில் பார்த்தீர்களா, வருமானத்துக்கு என்ன ஆதாரம், ஹெல்மெட் போட்டிருந்தாரா, குடித்திருந்தாரா, வேறு பணம் வாங்கினீர்களா. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டாம். பார்த்த சாட்சியை இரண்டாவதாக அழைப்பார்கள். டீக்கடைக்காரரோ பஸ் கண்டக்டரோ, அந்த ஆளோடு தொடர்பை விடாதீர்கள். இரண்டு வருடத்தில் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவார்.

இறந்தவர் பக்கமும் தவறு என்று 20, 30 சதவீதம் கழிக்கவே கம்பெனி பாடுபடும். முதல் வாரத்தில் எடுத்த படங்கள் இங்கே பேசும்.

மனுதாரர் வராமல் வழக்கு தள்ளுபடியாகி மீண்டும் எடுக்கப்பட்டால், அந்த இடைக்காலத்துக்கு வட்டி கிடைக்காது. இங்கே வழக்கமான வட்டி, மனு நாளிலிருந்து ஆண்டுக்கு 7.5 சதவீதம். 30 லட்சத்துக்கு இரண்டாண்டு வட்டியே நாலரை லட்சம்.

11. லோக் அதாலத்

லோக் அதாலத் என்பது இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளும் மக்கள் நீதிமன்றம். அங்கே சமரசமானால் பணம் விரைவில் வரும். ஆனால் அதற்கு மேல்முறையீடு இல்லை. எட்டாவது பகுதியின் கணக்கை ஒரு தாளில் போட்டு எடுத்துப் போங்கள். தவறு எதிராளி மேல் தெளிவாக இருந்து, வருமானத்துக்குக் காகிதமும் இருந்தால் பெரிய தள்ளுபடிக்கு இறங்க வேண்டியதில்லை. சாட்சி பலவீனம், எஃப்.ஐ.ஆர். எதிராக இருக்கிறது என்றால் சமரசமே மேல்.

12. தீர்ப்புக்குப் பிறகு

30 நாளில் கம்பெனி பணத்தைக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் நிறைவேற்று மனு. தொகை குறைவு என்றால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. நீலகிரி வழக்குகள் சென்னைக்குப் போகும். கொடைக்கானல் பக்கத்தவர்களுக்கு மதுரைக் கிளை. கம்பெனி மேல்முறையீடு செய்தாலும், கட்டிய தொகையில் ஒரு பகுதியை எடுக்க அனுமதி கேட்கலாம்.

ஒவ்வொரு மனுதாரருக்கும் தனி வங்கிக் கணக்கும் பான் அட்டையும் இப்போதே தயார் செய்யுங்கள். கூட்டுக் கணக்கு வேண்டாம். மைனர் பங்கு 18 வயது வரை வைப்புத்தொகையில் இருக்கும். வட்டியைத் தாய் எடுத்துக்கொள்ள உத்தரவிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். படிப்புச் செலவுக்கு அசல் தொகையிலிருந்து எடுக்க வேண்டுமானால் கல்லூரிக் கட்டண ரசீதோடு தீர்ப்பாயத்தில் மனு போடலாம்.